கருவிழியில் நின்றவள்

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். அந்த ஸ்டுடியோவில் கத்தி ஒன்றுதான், உறைதான் இரண்டு. அண்ணியும் நாத்தனாரும் சரிபாதி பங்கு போட்டு வாங்கிய கேமரா அது. வாங்கிய நாளிலிருந்து இருவரும் அதை வைத்துப் படம் எடுத்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வடக்குப் பக்கம் சுவருக்குப் பதிலாகவே வைத்தது போல ஒரு பெரிய ஜன்னல். படம் எடுப்பவர் அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். எதிரே மர ஸ்டூலில் படத்துக்கு வந்தவர் உட்காருவார். கேமரா மீடியம் ஃபார்மட் டிஜிட்டல். மற்ற கேமராக்களைவிட உள்ளே இருக்கும் சென்சார் பெரியது. கதவளவுக்குப் பிரிண்ட் போட்டாலும் புருவத்தின் ஒவ்வொரு மயிரையும் எண்ணிவிடலாம். அதே காரணத்தால், ஃபோகஸ் ஒரு நூல் தப்பினாலும் ஊருக்கே தெரியும். மூக்கு நுனியைப் பிடித்தால் கண் மங்கும், கண்ணைப் பிடித்தால் காது கரையும்.

அண்ணிக்குத் தொழிலில் மில்லிமீட்டர் என்று பெயர். "அசையாதீங்க, ஒரு மில்லிமீட்டர்கூட அசையாதீங்க" என்று வருகிறவர்களை எல்லாம் அதட்டியதால் வந்த பெயர். அதைச் சுருக்கி மில்லி என்று சிலர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மதுக்கடையில் நிற்பது போல இருக்கிறது என்று அவளே தடுத்துவிட்டாள். கேமராவை ட்ரைபாடில் பூட்டி, அதன் பின்னால் ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, வியூஃபைண்டரில் வலது கண்ணை ஒட்டி வைத்து, லென்ஸ் வளையத்தை இரண்டு விரலால் திருப்பி ஃபோகஸ் செய்வாள். ஆட்டோஃபோகஸ் என்ற சொல்லே அவளுக்கு வசவு.

நாத்தனார் நேர் எதிர். ட்ரைபாட் பக்கமே போக மாட்டாள். கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு, நின்றபடி, வந்தவரோடு வம்பளந்துகொண்டே எடுப்பாள். முகத்தைக் கண்டதும் கேமரா தானாகவே கண்ணைத் தேடிப் பிடித்து ஒரு சின்னச் சதுரம் போடும். அவள் பொத்தானை அழுத்துவாள், அவ்வளவுதான்.

"மெஷின் எடுக்குது, நீ தூக்கிக்கிட்டு நிக்கிற. சுமை கூலி" என்பாள் மில்லிமீட்டர்.

"நீங்க எடுத்து முடிக்கிறதுக்குள்ள வந்தவருக்குப் பேரன் பொறந்துடும் அண்ணி" என்பாள் நாத்தனார்.

இவர்களுக்கு நடுவில் ஒரு மனிதன் இருந்தான். ஒருத்திக்குக் கணவன், ஒருத்திக்கு அண்ணன். உள்ளறையில் பெரிய மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, எடுத்த படங்களைத் தேர்ந்தெடுப்பதும் நிறம் திருத்துவதும் பிரிண்டுக்கு அனுப்புவதும் அவன் வேலை. வாய் திறந்தால் இரண்டு பக்கமும் அடி என்பதால், அவன் வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும் திறந்தான்.

அன்று காலையும் சண்டையோடுதான் கடை திறந்தது. வியூஃபைண்டர் பக்கத்தில், பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பி வைக்க ஒரு சின்னச் சக்கரம் உண்டு. டயாப்டர் என்பார்கள். மில்லிமீட்டர் தன் கண்ணுக்குச் சரியான இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். சக்கரம் புள்ளியில்தான் நின்றது. ஆனால் உள்ளே எல்லாம் பனி மூடியது போல இருந்தது.

"யாரு இதுல கை வெச்சது?"

"புள்ளியிலதானே நிக்குது?" என்றாள் நாத்தனார், லைட்டுக்குத் துணி கட்டிக்கொண்டே.

"நிக்குது. ஆனா புள்ளி அங்க இல்ல. அழிச்சிட்டு வேற இடத்துல வெச்சிருக்க."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "என் விரலுக்குப் பாலிஷ் போட எனக்கு நேரமில்ல. உங்க கேமராவுக்குப் போட்டுட்டு இருக்கேனா?"

"செய்யக்கூடியவதான் நீ."

"ஆமா, ராத்திரி ஏணி வெச்சு ஏறி வந்து போட்டேன். போங்க அண்ணி."

மில்லிமீட்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சக்கரத்தை இரண்டு பல் தள்ளி, தெளிவானதும் புதிதாக ஒரு புள்ளி வைத்தாள். அந்த வருடத்தில் அது நான்காவது புள்ளி. உள்ளறைக் கதவு வழியாகக் கணவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மானிட்டருக்குத் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் அந்த மருத்துவமனை வேலை வந்தது. முப்பது வருடம் வேலை பார்த்த பன்னிரண்டு செவிலியர்கள், வார்டு ஆயாக்களின் படங்களை நுழைவு மண்டபத்தில் ஆளுயரத்துக்கு மாட்டப்போகிறார்கள். நிர்வாக அதிகாரி கறாரானவர். பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார். மார்பு வரை, நேர்ப் பார்வை, சிரிப்புக் கூடாது, ஒரே லென்ஸ், ஒரே வெளிச்சம். ஸ்டுடியோவில் இரண்டு பேர் எடுப்பதால் இரண்டு பேரும் எல்லாரையும் எடுக்கட்டும். பெயர் போடாமல் வெறும் எண் போட்டு அனுப்புங்கள், குழு தேர்ந்தெடுக்கும், தேர்ந்த படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் வரும் என்றார். எண்ணெயும் நெருப்பும் பக்கத்தில் இருக்கிற வீட்டில் தீப்பெட்டியை வைத்துவிட்டுப் போவது போல அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் படப்பிடிப்பு. ஒவ்வொருவருக்கும் அரை மணி அண்ணி, அரை மணி நாத்தனார்.

பிரசவ வார்டு ஆயாதான் மில்லிமீட்டரைத் திணறடித்தாள். கைக்குழந்தைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோன பெண். ஸ்டூலில் உட்கார்ந்தாலும் தொட்டில் ஆட்டுவது போல லேசாக ஆடிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, ஆடாதீங்க."

"நான் எங்கம்மா ஆடறேன்?"

"ஆடறீங்க. மூச்சைப் பிடிங்க."

"முப்பது வருஷமா மூச்சை விடு, மூச்சை விடுன்னு சொல்லிச் சொல்லியே வேலை பாத்தவம்மா நான். நீ பிடிக்கச் சொல்ற" என்றாள் ஆயா.

சுவரோரம் சாய்ந்து நின்ற நாத்தனார் சத்தமாகச் சிரித்தாள். மில்லிமீட்டர் வளையத்தைத் திருப்பி, பொத்தானை அழுத்தி, மறுபடி திருப்பினாள். ஆயாவின் கண் வியூஃபைண்டருக்குள் தெளிந்தும் கலங்கியும் வந்தது. அழுத்திய கணத்தில் தெளிவாகத்தான் இருந்தது என்று அவள் நம்பினாள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. பொத்தானை அழுத்தியதோடு தன் வேலை முடிந்தது என்பது அவளுடைய கர்வம். "எடுக்கிறது நான், பாக்கிறது அவரு" என்பாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. பன்னிரண்டில் ஏழு அண்ணியுடையது, ஐந்து நாத்தனாருடையது.

அன்று மதியச் சாப்பாட்டில் மில்லிமீட்டர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. தட்டில் கை வைக்காமல் பேசினாள். "ஏழு. பேரு தெரியாம, ஊரு தெரியாம, வெறும் எண்ணைப் பாத்து ஏழு எடுத்திருக்காங்க. மெஷினை நம்பினவங்களுக்கு அஞ்சு. அதுவும் பாவம் பாத்துக் கொடுத்திருப்பாங்க. நீ ஒண்ணு பண்ணு, கேமராவை நாளைக்கு அதுவா வந்து அதுவா எடுக்கச் சொல்லு. நீ வீட்டுல படுத்துத் தூங்கு. என்ன வித்தியாசம் வந்துடப் போகுது?"

நாத்தனார் தன் அண்ணனை மட்டும் பார்த்தாள், அவன் குனிந்துகொள்ளும் வரைக்கும். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கழுவப் போனான். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. வாயாடியை வாயடைக்க வைத்துவிட்டோம் என்ற குஷியில் மில்லிமீட்டர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

படங்களை மாட்டியாயிற்று என்று செய்தி வந்த செவ்வாய்க்கிழமை மதியம், யாரிடமும் சொல்லாமல் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். நுழைவு மண்டபத்தில் வரிசையாகப் பன்னிரண்டு முகங்கள், ஒவ்வொன்றும் அவளைவிட உயரம். மருந்துச் சீட்டோடு போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கீழே பித்தளைத் தகட்டில் தன் பெயர். நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிரசவ வார்டு ஆயாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். என்ன கூர்மை! கண்ணின் ஈரம்கூடத் தெரிந்தது. இன்னும் கிட்டப் போனாள். கருவிழியில் வெள்ளையாக ஒரு சதுரம். ஸ்டுடியோ ஜன்னல். அந்த ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக, சுண்டுவிரல் உயரத்துக்குக் கருப்பாக ஒரு உருவம்.

மில்லிமீட்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

உருவம் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டிக் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தது. ட்ரைபாடின் மூன்று கால் எங்கேயும் இல்லை. குட்டை நாற்காலி இல்லை. வாழ்நாளில் ஒரு படம்கூட அவள் நின்று எடுத்ததில்லை.

அடுத்த படத்துக்கு ஓடினாள். அதன் கீழும் அவள் பெயர். அதன் கருவிழியிலும் அதே முழங்கால். அதற்கடுத்தது, அதற்கடுத்தது. தன் பெயர் போட்ட ஆறு படங்களிலும் ஆறு ஜோடிக் கண்களுக்குள் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

ஏழாவது படம் அறுவை வார்டு செவிலியருடையது. அதன் கருவிழியில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் ஒரு வெள்ளைத் திட்டாகக் கலைந்திருந்தது. ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. அது ஒன்றுதான் அவள் எடுத்தது.

அந்தச் செவிலியரே அந்த நேரம் பார்த்துப் பணி முடிந்து அந்தப் பக்கமாக வந்தார். "நீங்கதானே எடுத்தீங்க? எல்லாரையும்விட என்னோடதுதான் நல்லா இருக்கு. பத்து வயசு குறைச்சிட்டீங்களே! சுருக்கமே தெரியல" என்றார் சந்தோஷமாக.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது எப்படி என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. மில்லிமீட்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஸ்டுடியோவின் மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினாள். உள்ளறைக்குள் போய்க் கணவனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அந்தப் பிரசவ வார்டு ஆயாவைத் திறங்க."

"எதுக்கு இப்ப..."

"திறங்க. நான் எடுத்ததை எல்லாம் திறங்க. வேற எதையும் காட்டாதீங்க."

அவன் திறந்தான். அவள் எடுத்தவை முப்பத்தொரு படங்கள். அவன் ஒவ்வொன்றாகக் கண்ணைப் பெரிதாக்கினான். ஒன்றில் காதின் மடல் கத்தி போல இருந்தது. ஒன்றில் சீருடைக் காலரின் தையலை எண்ணலாம். ஒன்றில் எதுவுமே இல்லை, முகத்துக்கு ஒரு சாண் முன்னால் இருக்கும் காற்றுக்கு ஃபோகஸ் செய்தது போல. கண் ஒன்றில்கூட இல்லை.

"எத்தனை நாளா?"

"இங்க பாரு, முதல்ல உட்காரு..."

"எத்தனை நாளா?"

"ஒன்பது மாசம்" என்றான். "முதல்ல கொஞ்சம்தான் அவுட்டா இருந்துச்சு, நானே சரி பண்ணிட்டேன். அப்புறம் முடியல. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான் இந்த மாதிரி பேசிட்டு இருக்கியே. அதான் அவ எடுத்ததுல ரெண்டு வாங்கி, ஒண்ணை உன் பேருல போட்டேன்."

"குழு பாத்தது முழுக்க அவளோடதா?"

"ஒண்ணு உன்னோடது. அது மட்டும்தான் ஓரளவு தேறுச்சு."

"அதைத்தான் பாத்துட்டு வரேன்."

கதவருகே நாத்தனார் வந்து நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மில்லிமீட்டர் அவள் பக்கம் திரும்பினாள். "பிச்சை போட்டியா எனக்கு?"

"பிச்சையா? உங்களுக்கா?" நாத்தனாரின் குரல் உயரவே இல்லை. "அண்ணன் கால்ல விழாத குறையா கேட்டான். அதுக்காகவும் இல்ல. மங்கலான படம் வெளிய போனா வாசல் போர்டு நாறும். அந்த போர்டுல என் பேரும் இருக்கு. உங்க மேல இரக்கம்னு கனவுல கூட நினைக்காதீங்க."

"அன்னைக்கு நான் சாப்பாட்டுல பேசினப்போ உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"அன்னைக்கு மட்டுமா? ஒன்பது மாசமா தினமும் சிரிக்கிறேன்."

மில்லிமீட்டர் முகத்தைத் திருப்பினாள். மேசை மேல் கேமரா இருந்தது. அதை எடுத்துச் சுவரில் அடித்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அதில் பாதி தன்னுடையது என்ற நினைப்பு வந்து தடுத்தது.

மறுநாள் காலை கண் டாக்டரிடம் போனாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணில் புரை, இடது கண் அந்த அளவுக்குக் கெடாததால் இத்தனை நாள் தெரியவில்லை என்றார். நடுவில் இறுகிக்கொண்டே வருகிற வகை. அதனால் கண்ணின் பவர் சில மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போகும். கண்ணாடியை மாற்றினாலும் மறுபடி மங்கும்.

"அப்ப அந்தப் புள்ளியை யாரும் மாத்தலையா?"

"எந்தப் புள்ளியை?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள். வாசலுக்கு வந்ததும் மருந்தால் விரிந்த கண் வெயிலில் கூசியது. நான்கு புள்ளிக்கு நான்கு முறை போட்ட சண்டையும், சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவுக்கு வந்தன. அதற்காக மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. அவளிடமா? நாக்கை அறுத்துக்கொள்ளலாம்.

சொட்டு மருந்தின் கூச்சம் தெளிந்ததும் அவள் நேராகப் போனது மருத்துவமனை நிர்வாக அதிகாரியின் அறைக்கு. விஷயம் தெரிந்து கணவன் மருத்துவமனைப் படிக்கட்டு வரை ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"ஊரு சிரிக்கும். யாருக்கும் தெரியாத விஷயத்தை நாமளே ஏன் போய்ச் சொல்லணும்?"

"கையை விடுங்க. அவ எடுத்த படத்துக்குக் கீழ என் பேரு தொங்குது. தினம் ஆயிரம் பேரு பாக்கிறாங்க. இதைவிட ஒரு அசிங்கம் எனக்கு இருக்கா? என்னோட மங்கலான படத்துக்குக் கீழ என் பேரு இருந்தா அது என் தலையெழுத்து. அவளோட நல்ல படம் எனக்கு எதுக்கு?"

அதிகாரி முழுக்கக் கேட்டுவிட்டு, "படம் நல்லா இருக்குதானே? யாரு எடுத்தா என்னம்மா?" என்றார். அவள் விடவில்லை. தகடுகளைக் கழற்றும் வரை நகர மாட்டேன் என்று எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவர் ஆறு தகடுகளையும் மாற்றச் சொன்னார். ஏழாவதை என்ன செய்வது என்று கேட்டார். "அது என்னுது, இருக்கட்டும்" என்றாள்.

செய்தி தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இரண்டே நாளில் பரவியது. நாத்தனார் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஸ்டுடியோவே அதிரும்படி கத்தினாள்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன் பேரு பதினோரு படத்துல இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"எனக்கா? என் கையில ஒண்ணு இருந்துச்சு அண்ணி. என்னைக்காவது பங்கு பிரிக்கிற நாளு வரும், அன்னைக்கு எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கலாம்னு வெச்சிருந்தேன். அதையும் பிடுங்கி நீங்களே உடைச்சிட்டீங்க. உங்களுக்கு நியாயவான்னு பேரு. எனக்குப் பொய்க்குத் துணை போனவள்னு பேரு!"

மில்லிமீட்டருக்கு அந்த வாரத்தில் முதல்முறையாக வயிறு குளிர்ந்தது.

கண் அறுவை சிகிச்சை அரை மணி நேரத்தில் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று, ஸ்டுடியோவின் வெள்ளைத் திரை உண்மையிலேயே வெள்ளையாக இருப்பதைப் பார்த்து அதிர்ந்தாள். இத்தனை நாள் அது டீக்கறை படிந்தது என்று நினைத்துத் துவைக்காததற்கு நாத்தனாரைத் திட்டியிருந்தாள். ஒரு மாதம் கழித்து உள்ளறையில் உட்கார்ந்து, தன் ஒன்பது மாத ஃபைல்களையும் தானே திறந்து பார்த்தாள். மூன்று நாள் ஆயிற்று. கணவன் டீ கொண்டுவந்து வைத்தான். அவள் குடித்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கடைசி ஃபைலை மூடிவிட்டு அவனிடம் சொன்னாள்: "இனிமே என் படத்தை நீங்க தொடாதீங்க. அவளோடதை மட்டும் பாருங்க. என்னோடதை நானே பாத்துக்கறேன், அழிக்கிறதையும் நானே அழிச்சுக்கறேன்."

"என்னை மன்னிக்கவே மாட்டியா?"

"நீங்க படம் அவுட்டாகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒன்பது மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருப்பேன். என் கோபத்துக்குப் பயந்து என்னைக் குருடியாவே வெச்சிருந்தீங்க."  

கேமராவை வெட்டிப் பங்கு போட முடியாது என்பதால் பங்கு பிரியவில்லை. காலை ஒருத்திக்கு, மதியம் ஒருத்திக்கு என்று ஏற்பாடு. மில்லிமீட்டர் ட்ரைபாடையும் விடவில்லை, வளையத்தையும் விடவில்லை. மாறியது ஒன்றுதான். எடுத்ததும் உள்ளறைக்குப் போய் ஒவ்வொரு கண்ணையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்த பிறகு, வந்தவரிடம், "தப்பாயிடுச்சு, இன்னொரு தடவை உட்காருங்க" என்று சொல்லவும் பழகினாள்.

ஒரு நாள் நண்பகலில் கேமரா கைமாறும்போது நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"இன்னும் கையாலதானா?"

"ஆமா."

"பத்துக்கு எத்தனை தேறுது?"

"ஆறு."

"எனக்கு ஒன்பது."

"ஏழு" என்றாள் மில்லிமீட்டர், பையை மாட்டிக்கொண்டே. "நேத்து நீ எடுத்த பாட்டு டீச்சரைப் பாத்தேன். உன் சதுரம் ரெண்டு படத்துல கண்ணை விட்டுட்டு இமை மயிரைப் பிடிச்சிருக்கு. அதையும் சேத்து அனுப்பிட்ட."

"யாரு உங்களை என் ஃபைலைத் திறக்கச் சொன்னா?"

"என்னோடதை ஒன்பது மாசம் நீங்க எல்லாரும் திறந்து பாத்தீங்கல்ல?"

நாத்தனார் விறுவிறுவென்று உள்ளறைக்குப் போனாள். அண்ணனை எழச் சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். மில்லிமீட்டர் படி இறங்காமல் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணுதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டு. அடுத்ததைத் திற."